தட்டிப் பார்த்த கேக்

என் தங்கை வீட்டுக்காரருக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பத் தெரியாது. தர்பூசணியைத் தட்டி வாங்குகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர் கதவைத் தட்டுவார், மேஜையைத் தட்டுவார், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டுவார். நடுவிரலை மடக்கி இரண்டே தட்டு. பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்ளேயிருந்து யாரோ பதில் சொல்லப் போவதுபோலக் காத்திருப்பார். கெட்டியாக இருந்தால் "ம்ம்" என்பார். பொள்ளலாக இருந்தால் உதட்டைப் பிதுக்கி "ம்ஹும்" என்பார். அதோடு தீர்ப்பு முடிந்தது, மேல்முறையீடு கிடையாது.

தொழில் அப்படி. சுவருக்குச் சிமெண்ட் பூசுகிறவர். பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறதா, இல்லை வெளியே அழகாக நின்றுகொண்டு உள்ளே விலகிவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அந்தக் காது பழுத்துவிட்டது. பெண் பார்க்க முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, டீயைக் குடித்து முடித்தவர், பின்னால் இருந்த சுவரை இரண்டு தட்டு தட்டி "ம்ஹும்" என்றார். என் அப்பா நின்று கட்டிய சுவர் அது. அப்பாவின் முகம் எட்டுக் கோணலாகப் போனது. தங்கை சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு, "நல்ல வேளை, அவரு பக்கத்துல நான் உக்காரல" என்றாள். அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அன்றைக்கே அவள் முடிவு செய்திருக்க வேண்டும்.

நான் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். பூச்சுக்காரருக்கும் டைல்ஸ்காரனுக்கும் ஏழாம் பொருத்தம். இவர் பூசிய சுவர் கோணல் என்று நான் சொல்வேன். சுவர் நேர்தான், ஒட்டினவன் கண்தான் கோணல் என்று அவர் சொல்வார். இரண்டு பேருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை கிடைத்துவிட்டால் மேஸ்திரி எங்களை வேறு வேறு மாடியில் போட்டுவிடுவார். மற்றபடி நல்ல மனுஷன். அவரைப் பற்றி நான் குறை சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது.

அவருக்கு ஒரு பெண் பிறந்தாள். பள்ளிக்கூடத்தில் எழுதுவதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவள் பட்டாணி. என்னைக் கண்டால் தாவி வருவாள். வந்ததும் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவாள், காதைக் கடிப்பாள், சட்டைப் பையில் இருக்கும் பென்சிலை எடுத்து என் கண்ணையே குத்தப் பார்ப்பாள். இதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்போது ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பாவிடம் மட்டும் போகமாட்டாள்.

அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. சிமெண்ட் கையைத் தின்றுவிடும். அவர் உள்ளங்கை உப்புத்தாள். காலை ஆறு மணிக்கு அவர் கிளம்பும்போது பட்டாணி தூங்கிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் அவர் வந்து, குளித்து, தலையில் இருக்கும் சிமெண்ட் தூசியையெல்லாம் கழுவிவிட்டு வருவதற்குள் அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அந்த நேரம் பார்த்து முதுகில் உப்புத்தாள் பட்டால் நானும்தான் அழுவேன். ஞாயிற்றுக்கிழமை முழு நாளும் வீட்டில் இருப்பார். அன்றைக்கு அவர் ஜன்னல் சட்டத்தைத் தட்டிக்கொண்டும் அலமாரிக் கதவைத் தட்டிக்கொண்டும் வீட்டைச் சுற்றி வருவார். அவள் அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். அவர் கையை நீட்டினால் போதும், உதடு பிதுங்கிவிடும்.

ஒரு மாதம் கையில் எண்ணெய் தடவி, காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு டிவி பார்த்தார். காலுறை போட்ட கையைக் கண்டு அவள் இன்னும் அதிகமாக மிரண்டாள்.

பிறந்ததிலிருந்து எடுத்த படங்களில் அவள் அப்பா மடியில் இருக்கும் படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் அவள் வாய் திறந்திருக்கிறது. அத்தனையும் அவர் போனில் பத்திரமாக இருந்தன. ஒருநாள் அதில் ஒன்றை எனக்குக் காட்டி, "இதுல கொஞ்சம் கம்மியா அழுறா, பாருங்க மச்சான்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் பிறந்தநாள் வந்தது. கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேலே ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. அதை நடத்தும் போட்டோக்காரம்மா குழந்தைகளைப் படம் பிடிப்பதில் கெட்டிக்காரர். தங்கை அங்கே போய் மாதிரி ஆல்பத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாப் படத்திலும் ஒரு குழந்தை, முன்னால் ஒரு சின்ன கேக். முதல் படத்தில் விரல் வைக்கும். அடுத்ததில் கை வைக்கும். அதற்கடுத்ததில் முகமே கேக்குக்குள் இருக்கும். கடைசியில் க்ரீமும் சிரிப்புமாக அப்பா அம்மாவோடு ஒரு படம்.

"கடைசிப் படத்துல மட்டும் நீயும் வா அண்ணே" என்றாள் தங்கை. "உன்கிட்டன்னா சிரிப்பா. இவரு வந்தா மறுபடியும் ஒப்பாரிதான். ஒரே ஒரு படமாவது நல்லா வரட்டும்."

அவர் கதவருகில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கேக்கை நான் பண்றேன்" என்றார்.

"நீங்களா?"

"கேக் நல்லா இருந்தா அவ அதையே பாத்துக்கிட்டு இருப்பா. நான் பின்னாடி நின்னுக்கறேன். அழுறதுக்கு அவளுக்கு நேரம் இருக்காது."

யோசித்துப் பார்த்தால் பாவமான திட்டம்தான். பெற்ற பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்து நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு மனுஷன் கேக் செய்யப் போகிறார். தங்கைக்குத் தான் பேசியது அவர் காதில் விழுந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. முகம் சிவந்து, "சரி, உள்ள நான் பண்றேன், வெளிய நீங்க பண்ணுங்க" என்றாள். உள்ளே இருப்பது வாழைப்பழமும் ஓட்ஸும் போட்ட, சர்க்கரை இல்லாத, குழந்தை தின்னக்கூடிய கேக். வெளியே இருப்பது படத்துக்கு. சுவரும் பூச்சும் போல வேலை பிரிந்தது.

எப்படிப்பட்ட கேக் என்று முடிவு செய்ய மூன்று பேருமாக ஒரு கேக் கடைக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் கோட்டை, கரடி, வானவில் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். தங்கை கரடியைப் பார்த்து உருகினாள். இவர் முட்டிபோட்டு உட்கார்ந்து, கோட்டையின் பக்கவாட்டை ஒரு கண்ணால் அளந்து, "இந்தப் பக்கம் ஒரு நூல் அளவு வெளிய தள்ளுது" என்றார். கடைப்பெண் என்னைப் பார்த்தாள். நான் இவர் யாரென்றே தெரியாததுபோல ரொட்டியைப் பார்த்தேன். அதற்குள் அவர் கண்ணாடிக் கதவு திறந்திருந்த பக்கமாகக் கையை விட்டு, மூன்றடுக்குக் கேக் ஒன்றை இரண்டு தட்டு தட்டிவிட்டார்.

"ம்ஹும். உள்ள ஒண்ணுமே இல்ல."

"அது தெர்மாகோல் சார், சாம்பிள்" என்றாள் அந்தப் பெண், குரலைத் தணித்துக்கொண்டு. பின்னால் நின்ற ஒரு குடும்பம் தங்கள் கேக்கைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தது. அதற்கு மேல் அங்கே நிற்க எங்களுக்கு முகம் இல்லை.

தங்கைக்கு முயல் வேண்டும். அவருக்கு நேர்சுவர் வேண்டும். கடைசியில் வட்டமான, வெளிர்மஞ்சள் கேக், அதன் மேல் ஒரு முயல் முகம் என்று சமாதானமாயிற்று.

பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒத்திகை தொடங்கியது. தங்கையின் முதல் கேக் நடுவில் அமுங்கிப்போனது. "அஸ்திவாரம் சரியில்ல" என்றார். அடுத்தது ஒரு பக்கம் உயர்ந்தது. ரசமட்டத்தை எடுத்து வந்து அடுப்பின் மேல் வைத்துப் பார்த்து, அடுப்புதான் சாய்வு என்று நிரூபித்து, ஒரு காலுக்கு அட்டை கொடுத்தார். மூன்றாவது கேக் மட்டமாக வந்தது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றதைத் தங்கை எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள். அவளுக்கும் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிப்பூச்சுதான் பாடாய்ப்படுத்தியது. அடித்த க்ரீமைப் பூசினார். அவர் கை வேலையைக் குறை சொல்ல முடியாது. புதிதாக வாங்கிய சின்னக் கரணையால் ஒரே சுற்றில் இழுத்தார், கண்ணாடிபோல நின்றது. பத்து நிமிஷத்தில் வழிந்து தட்டுக்கு வந்துவிட்டது. அடுத்து வெண்ணெய்க் க்ரீம். ஸ்டுடியோவில் விளக்குச் சூடு இருக்குமே என்று மேஜை விளக்கை அதன் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். முயலின் காது மூக்குக்கு இறங்கியது.

"பூச்சு நிக்கலையே மச்சான்" என்றார். ஒரு கட்டடமே சரிந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான்தான் அவரை கேக் சாமான்கள் விற்கும் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, முட்டை வெள்ளைக்கருப் பொடி ஒரு பொட்டலம், மாவாக இடித்த சர்க்கரை ஒரு பை, ஒரு சின்ன பாட்டில் மூன்றையும் எடுத்து வைத்தார்.

"இந்தப் பொடியும் சர்க்கரையும் கலந்து பூசினா அசையாது. எந்தச் சூட்டுக்கும் நிக்கும். ஆனா காஞ்சா கல்லாயிடும். அதனால இந்த கிளிசரின்ல நாலு சொட்டு விட்டுக்கங்க. மெத்துனு இருக்கும், கை இறங்கும். மறந்துடாதீங்க."

"சரிங்க" என்று தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பூச்சு காயக்கூடாதுன்னு ஒரு மருந்து. இதையும் ஒருத்தர் விக்கிறாங்க, இதையும் ஒருத்தர் வாங்குறாங்க."

"நாலு சொட்டுதானே மாப்ளே."

"நாலு சொட்டுல ஆரம்பிச்சவன்தான் நாளைக்கு நாலு மாடியையும் விழ வைப்பான்."

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் நான் அவரைப் பிடித்து உலுக்கி, கேக் என்பது நிற்பதற்கு அல்ல, உடைவதற்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரிப்பு வந்தது, அதனால் சொல்லவில்லை என்று பிறகு தங்கையிடம் சமாளித்தேன். அது பாதி உண்மை. கேக் சொதப்பினால் கடைசிப் படத்தில் பட்டாணி என் மடியில்தான் இருப்பாள். அந்த எண்ணமும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. வயது நாற்பத்திரண்டு, புத்தி அவ்வளவுதான்.

பிறந்தநாளுக்கு முதல் நாள் அவர் வேலைக்கு விடுப்புப் போட்டார். சர்க்கரை மாவைப் பிசைந்து, தகடாகத் தேய்த்து கேக்கைச் சுற்றி ஒட்டினார். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே கசியக்கூடாதாம். அதன் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்ததும் உப்புத்தாளால் இல்லை, தன் உள்ளங்கையாலேயே ஒரு முறை தேய்த்துவிட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சாயங்காலம் அழுத்தமாக இரண்டாவது பூச்சு. விளிம்பு கத்திபோல நின்றது. முயலை மட்டும் அவருக்கு வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு குழாய் வைத்தாற்போல இருந்தது. நான் அதைச் சொன்னேன். முயல்தான் என்று சாதித்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் காதைப் பற்றிப் பேசி என்ன பயன்.

கிளிசரின் பாட்டில் சீல் உடையாமல் மிளகு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டுடியோ. நான்தான் கார் ஓட்டினேன். அவர் பின்னால் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், பட்டாணி அவள் அம்மா மடியில். சந்துமுனையில் ஒரு நாய் குறுக்கே வர, நான் பிரேக்கை அழுத்தினேன். பெட்டி பறந்துபோய் முன் இருக்கையில் மோதிக் கீழே விழுந்தது. தங்கை "ஐயோ" என்றாள். அவர் நிதானமாகக் குனிந்து எடுத்துத் திறந்தார். ஒரு கீறல் இல்லை.

"பாத்தீங்களா மச்சான்" என்றார். அவ்வளவு நிம்மதியான முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. கேக் எங்கே மோதியதோ அந்த இடத்தில் என் இருக்கைதான் லேசாகக் குழிந்திருந்தது.

போட்டோக்காரம்மா கேக்கைப் பார்த்து அசந்துபோனார். "எந்தக் கடையில வாங்கினீங்க? இவ்வளவு சுத்தமான விளிம்பை நான் பாத்ததே இல்ல" என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு காலால் கோலம் போட்டார். சுவருக்குப் பூசுகிறவனை யாரும் பாராட்டுவதில்லை. மேலே வண்ணம் அடித்த பிறகு அவன் வேலை யார் கண்ணுக்கும் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தை அவர் இன்னும் பத்து வருஷம் வைத்துக்கொள்வார் என்று தோன்றியது.

சுவரிலிருந்து தரைவரை வெள்ளைத்தாள் விரித்திருந்தது. பட்டாணியை நடுவில் உட்கார வைத்து, முன்னால் கேக்கை வைத்து, கையில் ஒரு கரண்டியும் கொடுத்தார்கள். "முதல் அஞ்சு நிமிஷம்தான் நமக்கு" என்றார் போட்டோக்காரம்மா. "அதுக்கப்புறம் எந்தக் குழந்தையும் நம்ம பேச்சைக் கேக்காது."

பட்டாணி கேக்கைப் பார்த்தாள். விரல் வைத்தாள். விரல் இறங்கவில்லை. கையை வைத்து அழுத்தினாள். நகத்தால் சுரண்டினாள். பிறகு இரண்டு கையாலும் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு, வலித்த கையை எங்களுக்குக் காட்டினாள்.

"கொஞ்சம் உடைச்சு விடுங்களேன், அப்புறம் அவளே பிடிச்சுக்குவா" என்றார் போட்டோக்காரம்மா. தங்கை இன்னொரு கரண்டியை எடுத்துக் குத்தினாள். கரண்டி வளைந்தது. நான் போய் கட்டைவிரலால் அழுத்தினேன். கட்டைவிரல்தான் சிவந்தது. போட்டோக்காரம்மா தன் மேஜையிலிருந்து கத்திரிக்கோலைக் கொண்டுவந்து ஒரு குத்துக் குத்திவிட்டு, அதன் முனையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் திரும்பிப் போனார்.

தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "அந்த பாட்டில்ல இருந்ததை ஊத்தினீங்களா?"

"எந்த பாட்டில்?"

"என்னங்க."

"இல்ல... அதை ஊத்தினா இப்படி செட் ஆகாது."

அவர் குரலில் பாதி அவமானம், பாதி பெருமை. எது அதிகம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். பட்டாணியின் உதடு பிதுங்கத் தொடங்கியது.

"கேக்கை எடுத்துடலாம்" என்றாள் தங்கை. கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். "நீ வா அண்ணே, அவளைத் தூக்கிக்க. அவ அழறதுக்குள்ள ஒண்ணு எடுத்துடுவோம். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நிற்கவில்லை. வெள்ளைத்தாளை விட்டே இறங்கி, மூலையில் எங்கள் பைகளை வைத்திருந்த ஸ்டூலுக்குப் போய், பைகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். கேக்குக்குக் கொண்டுவந்த வெறும் பெட்டி மடியில் இருந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் ஆசைப்பட்டது நடக்கப்போகிறது, எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. இருந்தாலும் போனேன். பட்டாணிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து கையை நீட்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கையில் இருந்த கரண்டியைத் திருப்பிப் பிடித்தாள். அதன் காம்பால் கேக்கை இரண்டு தட்டு தட்டினாள்.

டொக், டொக்.

பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்தாள். ஒரு கண்ணை மூட முயன்றாள்; அந்த வயதில் ஒன்றை மட்டும் மூட வராது, இரண்டும் மூடிக்கொண்டன. அப்படியே காத்திருந்தாள்.

"ம்ம்" என்றாள்.

போட்டோக்காரம்மாவுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை, ஆனால் கேமரா மட்டும் தானாகக் கண்ணுக்குப் போய்விட்டது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா இடுப்பில் இருந்துகொண்டு அந்தக் குழந்தை என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவரைக் கண்டு பயந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அவரையேதான் பார்த்திருக்கிறாள்.

இன்னொரு முறை தட்டினாள். தலையைச் சாய்த்தாள். இந்தத் தடவை "ம்ம்" சொல்லாமல் சுற்றிலும் தேடினாள். என்னைத் தாண்டி, அவள் அம்மாவைத் தாண்டி, மூலையில் இருந்த ஸ்டூலைக் கண்டுபிடித்து, பார்வையை அங்கேயே நிறுத்தினாள். தீர்ப்பு அங்கிருந்து வர வேண்டும்.

அவர் எழுந்து வந்தது அவருக்கே தெரிந்திருக்காது. காலி பெட்டி மடியிலிருந்து விழுந்து உருண்டது. கேக்குக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு, நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினார். தலையைச் சாய்த்தார். "ம்ம்" என்றார்.

பட்டாணி சிரித்தாள். நான்கு பல்லும் தெரிய, வயிறு குலுங்கச் சிரித்தாள். காம்பால் தட்டினாள். அவர் விரலால் தட்டினார். அவள் சாய்ந்தாள், அவரும் சாய்ந்தார். அந்தத் தெருவிலேயே கேட்டிருக்கும் அவர்கள் தட்டிய தட்டு. நாலைந்து சுற்று ஆனதும் அவளுக்குக் கரண்டி போதவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அவருடைய விரலைப் பிடித்தாள். அந்த உப்புத்தாள் விரலை. முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்து, இழுத்து, கேக்கின் மேல் கொண்டுபோய் இடித்தாள். அழவில்லை.

"மச்சான்" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன். எனக்குக் கண் கலங்கியது. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோலச் சமாளித்தேன்.

படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு அவர் பையிலிருந்து சின்னக் கரணையை எடுத்து, பூச்சு எங்கே மெலிந்திருக்கிறது என்று தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, கைப்பிடியால் ஓர் இடத்தில் ஒரு போடு போட்டார். மேல் ஓடு இரண்டாகப் பிளந்தது. உள்ளே தங்கையின் வாழைப்பழக் கேக் அப்போதுதான் சுட்டதுபோல ஈரம் குறையாமல் இருந்தது. அதைப் பிட்டு உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பட்டாணி அவர் கையிலிருந்தே, குனிந்து, வாயாலேயே எடுத்துத் தின்றாள்.

"ஈரம் ஒரு சொட்டு வெளிய வரல, பாத்தியா" என்றார் தங்கையிடம்.

"பாத்தேன், பாத்தேன்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆல்பம் வந்துவிட்டது. முகமெல்லாம் க்ரீம் அப்பிய படம் அதில் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் உடையாத ஒரு மஞ்சள் கேக், அதன் இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் சாய்ந்த இரண்டு தலைகள். ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது. அதை வெட்டிவிடட்டுமா என்று போட்டோக்காரம்மா கேட்டாராம். "இருக்கட்டும், மச்சானும் வந்ததா இருக்கட்டும்" என்றாராம் இவர். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். பட்டாணி அப்பா தோளில் இருந்துகொண்டே ஒரு சிரிப்பு சிரித்தாள், இறங்கவில்லை. கூடத்தில் அவர் அவளைத் தரையில் விட்டதும் தவழ்ந்துபோய், நடுவில் ஓர் இடத்தில் நின்று, நான் என் கையால் ஒட்டிய டைல்ஸை இரண்டு தட்டு தட்டினாள். இப்போது விரலை மடக்கத் தெரிந்துவிட்டது. தலையைச் சாய்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ம்ஹும்."

"ஒரு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும்" என்றேன்.

"ஒண்ணும் தெரியாது மச்சான்" என்றார் அவர், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவர் தோள் குலுங்கியது.

அவர்கள் போன பிறகு அந்த டைல்ஸ் கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். அடியில் பாதிக்குக் கலவையே இல்லை.